விண்ணப்பித்தால்தான் பிரஜையா?

மாலை வேளைகளில் என்னோடு உலாவ வருகிற நண்பர் ஒருவர் உண்டு. பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நாலு நல்ல புத்தகம் படித்தவர். பிறர் கஷ்டத்துக்கு உருகவும் தெரிந்தவர். போன மாதம் பூங்காவில் மூன்றாவது சுற்று வரும்போது ஓட்டர் லிஸ்ட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. யாரோ ஒருவருடைய பெயர் விட்டுப் போனதாக நான் சொன்னேன். நண்பர் சட்டென்று சொன்னார்:

"இந்த ஜனங்களுக்கு அக்கறை கிடையாது, ஸார். போனை எடுத்தால் பத்து நிமிஷம். ஆன்லைனில் பெயரைப் பதிந்துகொள்ளக்கூட முடியாதவனுக்கு ஓட்டு என்னத்துக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. கதை எழுதுகிறவனுக்கு ஒரு தீராத வியாதி உண்டு. சுடச்சுடச் சொல்ல வேண்டிய பதில் அந்த நேரத்தில் நாக்கில் வராது. மறுநாள் காலையில் காகிதத்தின் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் வரும். இந்தக் கட்டுரை அப்படி வந்த பதில். நண்பர் இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் ஓட்டுப் பதிவு செய்துகொள்ளும் வசதிக்கு நான் விரோதி அல்ல. வீடு மாறிய போது நானே 8-ஆம் நம்பர் படிவத்தை ஆன்லைனில்தான் பூர்த்தி செய்தேன். காபி ஆறுவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. என் தமக்கை மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். நள்ளிரவில் வேலை முடிந்து அறைக்கு வந்து, படுக்கையில் சாய்ந்தபடியே 6-ஆம் நம்பர் படிவத்தை அனுப்பிவிட்டான். முன்பெல்லாம் ஜனவரி 1-ந் தேதி 18 வயது நிரம்பியிருந்தால்தான் அந்த வருஷத்துப் பட்டியலில் இடம். ஜனவரி 2-ந் தேதி பிறந்த பிள்ளை ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். 2022 ஆகஸ்டு முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வருஷத்துக்கு நாலு தேதிகள் வைத்திருக்கிறார்கள். 17 வயதிலேயே முன்கூட்டி மனுப் போட்டு வைக்கலாம். நல்ல ஏற்பாடுகள். யார் கொண்டு வந்தாலும் பாராட்ட வேண்டியவை.

என் சண்டை வசதியோடு அல்ல. வசதியைக் காட்டிக் கடமையைத் தட்டிக் கழிப்பதோடுதான் என் சண்டை.

எங்கள் தெருவில் ஓர் அம்மாள் இருக்கிறார். இஸ்திரி போட்டுக் கொடுப்பது தொழில். புருஷன் இறந்து பல வருஷம் ஆகிறது. தள்ளுவண்டியும் கரிப் பெட்டியும் அவர் விட்டுப் போன ஆஸ்தி. நான் மேடையில் பேசப் போகும்போதெல்லாம் என் சட்டையின் மானத்தைக் காப்பாற்றுகிறவர் அந்த அம்மாள்தான். 2021 ஏப்ரல் 6-ந் தேதி சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, மை வைத்த விரலை என் குழந்தைகளிடம் காட்டிச் சிரித்தார். 2024 ஏப்ரல் 19-ந் தேதி பாராளுமன்றத் தேர்தலுக்கு அதே பள்ளிக்கூடத்துக்கு, அதே அடையாள அட்டையோடு போனார். பட்டியலைப் புரட்டிப் பார்த்தவர் தலையை ஆட்டினார்.

"லிஸ்ட்டில் பெயர் இல்லை அம்மா."

"கார்டு இருக்குங்களே ஐயா."

"கார்டு இருந்தால் போதாது. லிஸ்ட்டில் இருக்க வேண்டும்."

அவர் சொன்னது சட்டப்படி சரி. கையில் அட்டை இருப்பது ஆள் அடையாளத்துக்கு மட்டுமே. உரிமை பட்டியலில் இருக்கிறது. ஆனால் அந்த அம்மாளுக்கு இந்த நுட்பம் தெரியாது. வரிசையில் பின்னால் நின்ற நான் பார்த்தேன். அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, ஏதோ திருட வந்து பிடிபட்டவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். அன்று ஓட்டுப் போட்ட எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

பிறகு விசாரித்ததில் காரணம் தெரிந்தது. 'வீடு மாறிவிட்டார்' என்று எழுதிப் பெயரை எடுத்திருக்கிறார்கள். அவர் வீடு மாறியது உண்மைதான். எங்கிருந்து எங்கே? கீழ்க்கட்டில் வாடகை கட்டி மாளாமல், அதே வீட்டு மொட்டை மாடியில் இருக்கிற தகரக் கொட்டகைக்கு! கதவிலக்கம் அதே கதவிலக்கம். தெரு அதே தெரு. நடுவில் பதினெட்டுப் படிகள். கீழ்க்கட்டில் புதிதாகக் குடிவந்தவரிடம் யாரோ கேட்டிருக்கிறார்கள். "அவங்க இங்கே இல்லை" என்று அவர் சொல்லியிருக்கிறார். பதினெட்டுப் படி ஏறிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இந்த இடத்தில் என் நண்பர் குறுக்கிடுவார். "சரி, போனது போகட்டும். ஆன்லைனில் திரும்பச் சேர்த்துவிட வேண்டியதுதானே?" என்பார். அதைத்தான் நானும் அன்று நினைத்தேன். படித்தவன் என்கிற தோரணையோடு, "கவலைப்படாதீங்கம்மா, நான் பத்து நிமிஷத்தில் போட்டுத் தருகிறேன்" என்று சொன்னேன். அந்தப் பத்து நிமிஷத்தின் கதையைக் கேளுங்கள்.

அவரிடம் இருப்பது பொத்தான் போன். ஆகவே என் நம்பரைக் கொடுத்தேன். என் போனுக்கு ஓ.டி.பி. வந்தது. புகைப்படம் வேண்டும் என்றது. வண்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்து எடுத்தேன். பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டுமாம். எங்கள் வீட்டுச் சுவரில் சாய்த்து இரண்டாவது தரம் எடுத்தேன். கோப்பு பெரிதாக இருக்கிறது என்றது, சுருக்கினேன். பெயரை ஆங்கிலத்தில் அடித்ததும் யந்திரம் தானாகத் தமிழில் எழுதிக் காட்டியது; அவர் பெயரிலிருந்த ழகரத்தை அது ளகரமாக மாற்றியிருந்தது. அதைத் திருத்தினேன். விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டது. மின்சாரக் கட்டணச் சீட்டு வீட்டுக்காரர் பெயரில். பதிவு செய்த வாடகைப் பத்திரம் கேட்டது. மொட்டை மாடிக் கொட்டகைக்கு யார் பத்திரம் பதிவார்கள்? கடைசியில் பாங்கிப் புஸ்தகத்தைத் தேடி எடுத்து, படம் பிடித்து அனுப்பினோம். பத்து நிமிஷம் என்று சொன்னேன் அல்லவா? இரண்டு சாயங்காலம் ஆயிற்று. அந்த இரண்டு சாயங்காலமும் அவருடைய பெட்டியில் கரி ஆறிப் போய்க் கிடந்தது. என் நேரத்துக்கு யாரும் கூலி தரவில்லை. அவருடைய நேரத்துக்கு மட்டும் கூலி குறைந்தது.

மூன்று வாரம் கழித்து ஓர் உத்தியோகஸ்தர் போன் செய்தார். என் நம்பருக்குத்தான் செய்தார். நான் வெளியூரில் இருந்தேன். "ஆள் நேரில் இல்லை" என்று மனு தள்ளுபடி ஆயிற்று. ஆள் தம் வண்டிப் பக்கத்தில், நடுத் தெருவில், காலை ஏழு மணி முதல் நின்றுகொண்டுதான் இருந்தார்!

விட்டேனா நான்? காகிதத்தில் படிவத்தை எழுதி, அந்த அம்மாளை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்கே போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே இருந்தவர் நல்ல மனிதராகவே தோன்றினார். வேலைப் பளுவில் முகம் வாடி இருந்தது. காகிதத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இப்ப எல்லாம் ஆன்லைன்தான் ஸார். அதிலே போடுங்க."

என் கட்டுரை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்துத்தான். ஆன்லைன் என்பது புதிதாகத் திறந்த ஒரு கதவு. அதைத் திறந்த கையோடு பழைய கதவைச் சாத்திவிட்டார்கள். காகிதப் படிவத்தை வாங்க மாட்டேன் என்று சொல்ல அவருக்குச் சட்டத்தில் இடமில்லை. இருந்தும் சொன்னார். கேட்டுக்கொண்டு திரும்பி வர எங்களுக்கும் தெரிந்திருந்தது.

முடிவில் காரியம் எப்படி நடந்தது தெரியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்தில் சிறப்பு முகாம் போட்டார்கள். அங்கே பெஞ்சியில் ஓர் ஆசிரியை உட்கார்ந்திருந்தார். எங்கள் பாகத்துக்குச் சாவடி நிலை அலுவலர் அவர்தான் என்றார்கள். வகுப்பு எடுக்கிற வேலைக்கு மேல் ஆயிரம் ஓட்டர்களைக் கணக்கு வைத்துக்கொள்ளும் வேலையும் அவர் தலையில். படிவத்தைத் தாமே எழுதினார். அன்று சாயங்காலம் பதினெட்டுப் படியும் ஏறி வந்தார். மூச்சு வாங்க நின்று, கொட்டகையையும் இஸ்திரிப் பெட்டியையும் அந்த அம்மாளையும் பார்த்தார். கைப்பையிலிருந்து போனை எடுத்து, ஏதோ நாலு இடத்தில் தொட்டார். "ஆச்சும்மா, வந்துடும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பெயர் வந்துவிட்டது.

கவனியுங்கள்: அவரும் ஆன்லைனில்தான் செய்தார். அதே மாதிரி போன்தான். ஆனால் இந்தத் தடவை போன், யாருக்கு அந்த வேலை கடமையோ அவருடைய கையில் இருந்தது. இரண்டு மாதம் நானும் அந்த அம்மாளும் பட்ட பாடு, போன் கை மாறியதும் பத்து நிமிஷமாகக் குறைந்துவிட்டது. என் நண்பர் சொன்ன பத்து நிமிஷம் பொய் இல்லை. யாருடைய பத்து நிமிஷம் என்பதில்தான் அவர் பிசகிவிட்டார்.

ஓட்டர் பட்டியலில் பெயர் சேர்ப்பது பிரஜையின் வேலையா, சர்க்காரின் வேலையா? இந்தக் கேள்வி இன்று நேற்றுப் பிறந்தது அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் சொத்து உள்ளவனுக்கும் வரி கட்டியவனுக்கும் படித்தவனுக்கும் மட்டும்தான் ஓட்டு. 1935-ஆம் வருஷத்துச் சட்டத்தில் பெண்களுக்குக் கொஞ்சம் தாராளம் காட்டினார்கள். ஆனால் சில மாகாணங்களில் அதில் ஒரு கொக்கி வைத்தார்கள். புருஷனுடைய தகுதியாலோ, எழுத்தறிவாலோ ஓட்டுரிமை பெறுகிற பெண் தானாக மனுப் போட்டால்தான் பட்டியலில் ஏற்றுவார்கள். 'உரிமை கொடுத்துவிட்டோம், வேண்டுமானால் கேட்டு வாங்கிக்கொள்' என்பது எவ்வளவு நாசூக்கான மறுப்பு! வாசலைத் தாண்டாத பெண் எந்தக் கச்சேரிக்குப் போய் மனுக் கொடுப்பாள்? அந்தக் காலத்துப் பெண்கள் சங்கங்கள் இந்தக் கொக்கியை எதிர்த்துக் குரல் கொடுத்தன.

சுதந்திரம் வந்ததும் இந்த நாடு அந்தக் கொக்கியைத் தூக்கி எறிந்தது. அரசியல் சட்டம் 1950 ஜனவரி 26-ந் தேதிதான் முழுதாக அமலுக்கு வந்தது. வயது வந்தவர் எல்லோரையும் சேர்த்துப் பட்டியல் தயாரிக்கிற வேலையோ 1948-லேயே தொடங்கிவிட்டது. சட்டம் கையெழுத்தாகும் முன்பே, ஓட்டு எழுதிக்கொள்ள ஆள் புறப்பட்டுவிட்டான்! பெரும்பாலோருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. "உனக்கு அக்கறை இருந்தால் வந்து பதிந்துகொள்" என்று அன்று யாரும் சொல்லவில்லை. சர்க்கார் சிப்பந்தி வீடு வீடாக நடந்தான். 1951-52 தேர்தலுக்கு 17 கோடிக்கு மேற்பட்டவர்களின் பெயர் அப்படித்தான் ஏறியது.

அதிலும் குறை நேர்ந்தது. வட மாகாணங்களில் பல பெண்கள் தங்கள் பெயரை அந்நிய ஆணிடம் சொல்ல மாட்டோம் என்றார்கள். 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்று பட்டியலில் எழுதினார்கள். முதல் தலைமைத் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் அதற்கு ஒப்பவில்லை. சொந்தப் பெயரைச் சொல்லச் சொல்லி அவகாசம் கொடுத்தார். அப்படியும் சொல்லாத சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீங்கின. அவர் செய்தது கடுமைதான். ஆனால் அதன் பின்னால் ஒரு மரியாதை இருந்தது. 'நீ யாருடைய மனைவியாக இருந்தாலும் சரி, ஓட்டு உனக்கு, உன் பெயரில்' என்கிற மரியாதை. இன்றைக்கு மொட்டை மாடி அம்மாளின் பெயர் போனதில் அந்த மரியாதையாவது உண்டா? அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லையே!

இந்த நாட்டுத் தேர்தல் ஏற்பாட்டைப் பற்றி நாம் பெருமைப்படுகிற விஷயம் ஒன்று உண்டு. குஜராத்தில் கிர் காட்டுக்குள் பானேஜ் என்ற இடத்தில் ஒரே ஓர் ஓட்டருக்காக ஒரு சாவடி அமைத்து வந்தார்கள். சிங்கம் உலவுகிற காட்டுக்குள், அங்கிருந்த கோயில் பூஜாரி ஒருவரின் ஓட்டுக்காக, யந்திரத்தையும் மையையும் தூக்கிக்கொண்டு உத்தியோகஸ்தர்கள் போனார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கசியும். அந்த ஒரு மனிதரிடம் போய், "காட்டில் இருந்தால் உன் பாடு, ஆன்லைனில் பார்த்துக்கொள்" என்று யாரும் சொல்லவில்லை. சிங்கக் காட்டுக்குப் போகத் தெரிந்த சர்க்காருக்குப் பதினெட்டுப் படி ஏறத் தெரியாமல் போனது ஏன்?

இனி என்னுடைய இன்னொரு நண்பருக்கு வருகிறேன். இவர் தமிழாசிரியராக இருந்தவர். முதல் நண்பருக்கு நேர் எதிர். "ஆன்லைன் என்றாலே பித்தலாட்டம். எல்லாவற்றையும் இழுத்து மூடிவிட்டுப் பழையபடி காகிதத்துக்குப் போக வேண்டும்" என்பார். இவருக்கும் எனக்கும் ஒத்துவராது.

காகிதக் காலம் பொற்காலமா? பட்டிக்காட்டில், பெரிய மனிதர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பட்டியல் எழுதிய நாட்களை நம் ஊர்க் கிழவர்களைக் கேட்டுப் பாருங்கள். காலனியிலிருந்து வருகிற ஓர் இளைஞன் அந்தத் திண்ணைக்கு முன்னால் கைகட்டி நிற்காமல், யார் தயவும் இல்லாமல், தன் பெயரைத் தானே அனுப்ப முடிகிறது என்றால் அது சின்ன விஷயமா? நடக்க முடியாதவர், விடுதியில் இருக்கிற பெண், ஊர் ஊராக வேலைக்கு அலைகிறவர், வீட்டாரால் விரட்டப்பட்ட திருநங்கை, இவர்களுக்கெல்லாம் ஆன்லைன் ஒரு வரப்பிரசாதம். குமாஸ்தாவின் முகச் சுளிப்பைப் பார்க்காமல் விண்ணப்பிக்க முடிவதே ஒரு விடுதலை. அந்தக் கதவை மூடச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் ஆசிரியர் பயப்படுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தக் கதவு வழியாக உள்ளே வருகிறவன் தன் பெயரைச் சேர்க்க மட்டும் வருவதில்லை. பிறர் பெயரை எடுக்கவும் வரலாம். 7-ஆம் நம்பர் படிவம் அதற்குத்தான். கர்நாடகத்தில் ஆலந்து என்கிற தொகுதி இருக்கிறது. 2023-ஆம் வருஷத்துச் சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னால், அந்த ஒரு தொகுதியில் பெயர்களை நீக்கச் சொல்லி 6,018 மனுக்கள் ஆன்லைனில் வந்து குவிந்தன. இவ்வளவு மனுவா என்று அதிகாரிகளுக்கே சந்தேகம் வந்து, ஆள் அனுப்பி வீடு வீடாகப் பார்த்தார்கள். 24 மனுக்கள்தான் நிஜம். மீதி 5,994 மனுக்கள் பொய்! போலீசில் புகார் பதிவாயிற்று. அந்த மனுக்கள் தள்ளுபடியானதால் பெயர்கள் பிழைத்தன.

பெயர்களைக் காப்பாற்றியது எது? யந்திரமா? யந்திரம் 6,018 மனுக்களையும் 'வரவு வைத்தோம்' என்று வாங்கிப் போட்டுக்கொண்டது. மனிதர்கள் போய்ப் பார்த்தார்கள், அதனால் தப்பியது.

இந்தக் குழப்பத்துக்குப் பிறகு, 2025 செப்டம்பரில், ஆன்லைன் மனுக்களுக்கு ஒரு பூட்டுப் போட்டார்கள். ஆதாரோடு இணைத்த போன் நம்பருக்கு வருகிற ஓ.டி.பி.யைக் கொண்டு மனுதாரர் தம்மை உறுதிப்படுத்த வேண்டும். திருடனுக்குப் பூட்டுப் போட்டது சரிதான். ஆனால் எங்கள் தெரு அம்மாளின் ஆதாரில் இருக்கிற நம்பர், என்றோ தொலைந்து போன போனின் நம்பர். இன்று அவருக்காக நான் மறுபடி ஆன்லைனில் உட்கார்ந்தால், என் போன் நம்பரும் உதவாது; அவர் போன் நம்பரும் உதவாது. திருடனுக்குப் போட்ட பூட்டில் வீட்டுக்காரி வெளியே நிற்கிறாள். ஆகவேதான் மறுபடி மறுபடி சொல்கிறேன்: ஆன்லைன் ஒரு கதவாக இருக்கலாம், அதுவே வீட்டுக்கு ஒரே கதவாக இருக்கக் கூடாது.

2025-ல் பீகாரில் நடந்ததையும், அதன்பின் நம் தமிழ்நாட்டில் நடந்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பீகாரில் தீவிரத் திருத்தம் என்று பட்டியலைப் புதிதாக எழுதினார்கள். ஆகஸ்டு 1-ந் தேதி வந்த வரைவில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. யார் அந்த 65 லட்சம், ஏன் நீக்கினீர்கள் என்று பெயர் பெயராகக் காரணத்தோடு வெளியிடும்படி ஆகஸ்டு 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் நவம்பர் 4-ந் தேதி இந்த வேலை தொடங்கியது. டிசம்பர் 19-ந் தேதி வரைவு வந்தபோது, 6 கோடியே 41 லட்சமாக இருந்த பட்டியல் 5 கோடியே 43 லட்சமாக இளைத்திருந்தது.

இறந்தவர் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. ஒரே ஆள் இரண்டு ஊரில் ஓட்டு வைத்திருப்பதையும் நான் ஆதரிக்கவில்லை. நீங்கியவர்களில் பலர் காலமானவர்கள். பலர் நிஜமாகவே ஊரை விட்டுப் போனவர்கள். பட்டியலைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டியதுதான். ஆனால் துடைக்கிற துணி எங்கே போகிறது என்று பார்த்துத் துடைக்க வேண்டாமா? வீட்டுக்கு ஆள் வந்தார், படிவம் கொடுத்தார், சரி. அந்தப் படிவம் திரும்பி வரவில்லை என்றால் வரைவில் பெயர் இல்லை என்பது என்ன நியாயம்? படிவத்தைத் திருப்பிக் கொடுக்காதவன் செத்தவனா? சித்தாள் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிற ஒருத்தி, வந்த ஆளைப் பார்க்கவில்லை என்பதால் நாடு மாறிவிட்டாளா?

இதற்கு வேண்டிய சட்டம் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1950-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 22-ஆம் பிரிவு, குடியிருப்பு மாறிவிட்டது என்று ஒருவர் பெயரை நீக்கும் முன்னால் அவர் தரப்பைச் சொல்ல அவருக்குத் தக்க சந்தர்ப்பம் தர வேண்டும் என்கிறது. பொய் சொல்லி மனுப் போடுகிறவனுக்கு அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவில் ஒரு வருஷம் வரை சிறைத் தண்டனை இருக்கிறது. இதைவிட என்னை உருக்கிய விதி ஒன்றும் உண்டு. வீடே இல்லாமல் நடைபாதையில் படுக்கிறவரைப் பட்டியலில் சேர்க்கக் காகித அத்தாட்சி எதுவும் வேண்டாம். அவர் சொன்ன இடத்தில் அவர் படுத்து உறங்குகிறாரா என்று சாவடி நிலை அலுவலர் இரவில் போய்ப் பார்க்க வேண்டும். எண்ணிப் பாருங்கள்! இரவு வேளையில், நடைபாதையில், உறங்குகிற ஒரு பிரஜையைத் தேடி சர்க்கார் வந்து நிற்க வேண்டும் என்று விதி எழுதி வைத்திருக்கிறார்கள். இதை எழுதியவர் ஜனநாயகம் என்ன என்று தெரிந்தவர். இப்படி ஒரு விதி இருக்கிற நாட்டில், "இப்ப எல்லாம் ஆன்லைன்தான் ஸார்" என்கிற வாக்கியத்துக்கு எப்படி இடம் வந்தது?

யந்திரம் தவறினால் அந்தத் தவறு யார் தலையில் விழ வேண்டும் என்பதற்கு இங்கிலாந்தில் ஓர் உதாரணம் கிடைக்கிறது. அங்கே 2014 முதல் ஆன்லைனில் ஓட்டுப் பதிவு செய்துகொள்ளலாம். ஐரோப்பிய யூனியனில் இருப்பதா, விலகுவதா என்று 2016-ல் ஓட்டெடுப்பு வைத்தார்கள். பெயர் பதியக் கடைசி நாள் ஜூன் 7. அன்று இரவு கூட்டம் தாங்காமல் அந்த ஏற்பாடு படுத்துவிட்டது. "கடைசி நாள் வரை ஏன் தூங்கினீர்கள்?" என்று ஜனங்களைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவசர அவசரமாக விதியைத் திருத்தி 48 மணி நேரம் நீட்டிக் கொடுத்தார்கள். யந்திரம் சர்க்காருடையது, ஆகவே அது படுத்தால் நஷ்டமும் சர்க்காருடையது என்று ஒப்புக்கொண்டார்கள். நம் ஊரில் ஓ.டி.பி. வராவிட்டால் அது அந்த அம்மாளின் தலையெழுத்து ஆகிவிடுகிறது.

நான் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை. பெயரைச் சேர்ப்பதற்கு ஆன்லைன், காகிதம், முகாம், வீட்டு வாசல் ஆகிய நாலு வழியும் எப்போதும் திறந்திருக்கட்டும். எந்த வழியில் வந்தவரையும் வேறு வழிக்குத் திருப்பி அனுப்பக் கூடாது. காகிதம் கொண்டு வந்தவரிடம் காகிதத்தை வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்கட்டும். ஆன்லைனில் ஏற்றுகிற வேலையை அந்த மேஜைக்குப் பின்னால் இருப்பவர் செய்யட்டும். பெயரை நீக்குவதற்கு மட்டும் ஒரே வழிதான் இருக்க வேண்டும். ஒரு மனிதர் நேரில் போய், அந்த ஆளையோ அவர் வீட்டாரையோ பார்த்து, கையில் நோட்டீஸ் கொடுத்து, கைநாட்டோ கையெழுத்தோ வாங்கி, அதன் பிறகு நீக்கட்டும். நீக்கியவர் பெயர்களைக் காரணத்தோடு ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டட்டும், ஆன்லைனிலும் போடட்டும். சேர்க்க ஒரு விரல் போதும்; நீக்க இரண்டு கால்கள் வேண்டும். படி ஏறுகிற ஆசிரியைக்கு அந்த வேலைக்குத் தகுந்த படிப் பணமும், வகுப்பிலிருந்து ஓய்வும் கொடுக்கட்டும். அவர் தலையில் எல்லாப் பாரத்தையும் ஏற்றிவிட்டு அவரைக் குறை சொல்லுகிற அநியாயத்தை நான் செய்யமாட்டேன்.

இவ்வளவையும் ஒரு நாள் உலாவும்போது என் முதல் நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்கள் கதை எழுதுகிறவர். ஓர் இஸ்திரிக்கார அம்மாளை வைத்துக்கொண்டு நாட்டுக்கே சட்டம் சொல்லுகிறீர்கள்" என்றார். இருக்கலாம். ஆனால் அந்தச் சாவடியில் அவருக்கும் எனக்கும் அந்த அம்மாளுக்கும் எண்ணிக்கை ஒன்றுதான். என் கதைகளைப் படித்தவர்கள் என்பதற்காக யாரும் எனக்கு இரண்டு ஓட்டுத் தரவில்லை. அக்கறை இல்லாதவன் ஓட்டுப் போடாமல் வீட்டில் படுத்துத் தூங்கலாம். அது அவன் இஷ்டம். அவனுடைய பெயர் பட்டியலில் இருப்பது அவன் அக்கறையைப் பொறுத்த விஷயம் அல்ல. அது சர்க்கார் அவனுக்குப் பட்டிருக்கிற கடன்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கையில் போன் இருக்கிறது. இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர், பால் போடுகிறவர், உங்கள் அடுக்குமாடி வாசலில் காவல் இருக்கிறவர் ஆகியோரின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். போன் இல்லாதவர்கள் 1950 என்ற நம்பரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். பெயர் இல்லையென்றால், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவர் பெயரை எழுத்துப் பிசகாமல் பதிந்து கொடுங்கள். அது முடிந்ததும், உங்கள் தொகுதி அதிகாரிக்கு ஒரு கடிதமும் எழுதுங்கள். இந்த வேலையை நான் ஏன் செய்ய வேண்டியிருந்தது என்று அதில் கேளுங்கள்.